ஒரு மரைக்கு 35 மில்லிகிராம்

பழைய பேனாவைப் பிரித்து, கழுவி, மறுபடி மாட்டும் நேரத்தில் கடைசியாக ஒரு கேள்வி வந்து நிற்கும்: மரையில் எதைப் பூசுவது? அரக்கா, ரோசினா, சிலிக்கோன் கிரீஸா, பிளம்பர் சுற்றும் டெஃப்லான் நாடாவா, ஐந்து ரூபாய் சூப்பர் க்ளூவா? ஆளுக்கொரு நம்பிக்கை உண்டு. நம்பிக்கையில் சண்டையும் உண்டு. அதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேரேடு எழுதுவதுபோல் பத்தி பத்தியாக எண்களைப் போட்டுப் பார்ப்போம். முதலில் அளவு, பிறகு விலை, அதன்பின் ஆயுள், வெப்பம்.

கணக்குக்கு ஒரு பேனா வேண்டும். பார்க்கர் 51-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1941-ல் 12.50 டாலர் விலையில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பேனா. 1888-ல் தொடங்கிய நிறுவனத்தின் 51-வது ஆண்டான 1939-ல் உருவாக்கி முடித்ததால் அந்தப் பெயர். நிப்பின் நுனி மட்டும் தெரியும்படி அதை மூடியிருக்கும் கூடு லூசைட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. 1948 வரை வந்த வாக்குமேட்டிக் வகையில் அந்தக் கூடு பேனா உடலின் மரையிலேயே நேராக ஏறும். 1948 முதல் வந்த ஏரோமெட்ரிக் வகையில், மை உறிஞ்சும் பகுதியின் முன் மரையில் ஏறும். இரண்டிலும் அந்த மரை வழியே காற்று புகுந்தால், மை கூட்டின் அடியிலுள்ள உலோக வளையத்தில் கசிந்து விரலில் ஒட்டும். முன்னதில் நிலைமை இன்னும் மோசம். உடல் முழுக்க மை நிற்பதால் அந்த ஒரு மரைதான் அணை. தொழிற்சாலையில் அங்கே பூசியது அரக்கு.

மரையின் விட்டம் 9 மி.மீ., நீளம் 5 மி.மீ. என்று வைக்கிறேன். பேனாவுக்குப் பேனா சிறிது மாறலாம், கணக்கின் போக்கு மாறாது. சுற்றளவு 28.3 மி.மீ. அதை நீளத்தால் பெருக்கினால் 141 சதுர மி.மீ. மரை மேடும் பள்ளமுமாக 60 டிகிரி கோணத்தில் மடிந்திருப்பதால் உண்மையான பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பு: 283. இரண்டு மரைகளுக்கும் நடுவே சராசரி 0.05 மி.மீ. இடைவெளி நிரம்ப வேண்டுமானால் 14 கன மி.மீ. பூச்சு போதும். 15 என்று வைத்துக்கொள்ளலாம். பல்குச்சியில் ஒட்டுவது, வழிந்ததைத் துடைப்பது எல்லாம் சேர்த்து இன்னொரு 15. அரக்கின் அடர்த்தியில் மரைக்குள் நிற்பது 17 மில்லிகிராம். கையை விட்டுப் போவது 35 மில்லிகிராம்.

பார்க்கர் 51 மொத்தம் ஏறத்தாழ 2 கோடி விற்றது என்பார்கள். அத்தனை பேனாவின் கூட்டு மரைக்குள்ளும் நிற்கும் அரக்கைச் சுரண்டி எடுத்தால் 340 கிலோ தேறும். ஒரு குட்டி யானை வண்டியில் ஒரே நடை. இதைவிடக் கிராமபோன் தட்டு பெரிய தீனிக்காரன்: ஒரு தட்டில் 34 கிராம் அரக்கு இருந்தால் அது 2,000 பேனா மரைக்குச் சமம். 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் ராணுவம் சாராத அரக்குச் செலவை 70 விழுக்காடு வெட்டியபோது, அடி வாங்கியது இசைத்தட்டுக்காரர்கள்தான். பேனாக்காரர்களின் தேவை அந்தக் கணக்கில் தூசு.

அடுத்த வரி: இந்தப் பூச்சு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்? பேனாவை நிமிர்த்தி வைத்தால் மரையின் மேல் நிற்கும் மையின் உயரம் அதிகம் போனால் 8 செ.மீ. அது தரும் அழுத்தம் 0.8 கிலோபாஸ்கல், நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சட்டைப் பையில் வைத்து 27 டிகிரியிலிருந்து உடல் சூடான 37 டிகிரிக்கு ஏறினால், உள்ளேயிருக்கும் 1 மி.லி. காற்று 3.3 விழுக்காடு விரியும். அதாவது 33 கன மி.மீ.; ஒரு சொட்டில் முக்கால் பங்கைவிடக் குறைவு. இவ்வளவுதான் எதிரியின் பலம்.

எதிரே சூப்பர் க்ளூவின் பலத்தைப் பாருங்கள். எஃகில் ஒரு சதுர மி.மீ.க்குச் சுமார் 20 நியூட்டன். நம் மரையில் 141 சதுர மி.மீ. பரப்பை மட்டும் எடுத்தாலும் 2,820 நியூட்டன், 4.5 மி.மீ. ஆரத்தில் அது 12.7 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை. ரப்பர் துண்டு வைத்து இறுக்கிப் பிடித்துத் திருகினாலும் பேனா போன்ற ஒல்லியான பொருளில் விரல்கள் 1 நியூட்டன்-மீட்டரைத் தாண்டுவது கடினம். பிளாஸ்டிக்கில் பசையின் பிடி எஃகில் இருக்கும் அளவுக்கு வராது என்று பாதிக்குப் பாதி தள்ளினாலும் நம் கை தோற்கும். பசை விடுவதற்கு முன் லூசைட் உடையும். 0.8 கிலோபாஸ்கலைத் தடுக்க இத்தனை பலம் யார் கேட்டார்கள்?

இனி விலைப் பத்தி. கீழே வரும் ரூபாய்கள் கணக்கு ஓடுவதற்காக நான் வைத்த விலைகள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். உங்கள் ரசீதிலுள்ள எண்ணைப் போட்டு மறுபடி வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேனாவுக்கு 35 மி.கி. அல்லது 30 கன மி.மீ. என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. நாடாவுக்கு மட்டும் ஒன்றரைச் சுற்று, அதாவது 42.4 மி.மீ. நீளம்.

அரக்குச் செதில்: 100 கிராம், 200 ரூபாய், 2,857 பேனா, பேனாவுக்கு 7 பைசா.
டெஃப்லான் நாடா: 10 மீட்டர், 25 ரூபாய், 235 பேனா, 11 பைசா.
ரோசின், விளக்கெண்ணெய்க் கலவை: ஏறத்தாழ 34 கிராம், டப்பா உட்பட 172 ரூபாய், 967 பேனா, 18 பைசா.
சூப்பர் க்ளூ: 0.5 கிராம், 5 ரூபாய், 14 பேனா, 36 பைசா.
சிலிக்கோன் கிரீஸ்: 10 கிராம், 250 ரூபாய்; 286 பேனா; 87 பைசா.
இயந்திரக்காரர்கள் போல்ட்டுக்குப் போடும் மரைப்பூட்டுத் திரவம்: 10 மி.லி., 350 ரூபாய்; 333 பேனா; 1 ரூபாய் 5 பைசா.

எல்லாமே ஒரு டீயின் விலைக்கு எங்கோ கீழே. ஆனால் இந்தப் பட்டியல் ஒரு பொய்யையும் சொல்கிறது. வாங்கியதை எல்லாம் தீர்க்கும்வரை அது கெடாது என்று அது நினைத்துக்கொள்கிறது.

அரக்கைச் செதிலாகப் பூச முடியாது. ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். மர பாலிஷ் உலகில் ஒரு அமெரிக்க கேலன் ஸ்பிரிட்டுக்கு 3 பவுண்டு அரக்கு என்பது பழகிய அடர்த்தி. நம் அளவில் லிட்டருக்கு 360 கிராம். 10 கிராம் அரக்குக்கு 28 மி.லி. ஸ்பிரிட். கரைத்த நாளிலிருந்து அரக்கும் ஆல்கஹாலும் மெல்ல வினைபுரியத் தொடங்கும். ஆறு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருடம். அதற்குப் பிறகு பூசினால் காயாது, பிசுபிசுவென்று நிற்கும். வருடத்துக்கு 40 பேனா பார்க்கும் ஒருவருக்குத் தேவை 1.4 கிராம். மீதி 8.6 கிராம், அதாவது 86 விழுக்காடு, சாக்கடைக்கு. அரக்கு 20 ரூபாய், ஸ்பிரிட் 12, கண்ணாடிக் குப்பி 20 ஆக 52 ரூபாயை 40-ஆல் வகுத்தால் பேனாவுக்கு 1 ரூபாய் 30 பைசா. பட்டியலின் 7 பைசா 18 மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 2 கிராம் மட்டும் கரைத்துக்கொண்டால் இது குறையும். ஆனால் அத்தனை சின்னக் குப்பியில் மூடியைத் திறந்து மூடுவதிலேயே ஸ்பிரிட் ஆவியாகிக் கரைசல் தேனாகிவிடும்.

சூப்பர் க்ளூவின் கதை இன்னும் வேடிக்கை. ட்யூபைத் திறந்தால் சில நாளில் மூக்கு அடைத்துக்கொள்ளும். 14 பேனாவும் அதே வாரம் வரிசையில் நின்றால் ஒழிய, ஒரு ட்யூப் ஒரு பேனாவுக்குத்தான். 36 பைசா 5 ரூபாய் ஆகிறது. மலிவு என்று எல்லோரும் கையில் எடுக்கும் பொருள்தான் இந்தப் பேரேட்டில் மிக விலை கூடியது. உடைக்கப்போகும் கூட்டின் விலையை இன்னும் சேர்க்கவே இல்லை.

ரோசின் கலவையில் ஸ்பிரிட் கிடையாது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். 34 கிராம் டப்பா வருடத்துக்கு 40 பேனா வீதம் 24 ஆண்டு வரும் என்று காகிதம் சொல்கிறது. ரோசின் காற்றுப்பட்டு மேற்பரப்பு கறுத்து நொறுங்கத் தொடங்கினால் பாதியைத் தூக்கி எறியுங்கள். அப்போதும் பேனாவுக்கு 36 பைசா. அரக்குக் கரைசலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நாடாவின் 11 பைசாவுக்கு வேறு ஒரு பில் உண்டு. நாடாவின் தடிமன் சுமார் 0.075 மி.மீ. ஒரு சுற்று சுற்றினாலே விட்டம் 0.15 மி.மீ. கூடும், ஒன்றரைச் சுற்றில் மேலே படியும் இடத்தில் இன்னும் கூடும். நாம் வைத்த இடைவெளியோ 0.05. நாடா நசுங்கும், பள்ளத்துக்குள் போகும், உண்மைதான். ஆனாலும் எழுபது எண்பது வருடம் சுருங்கி வறண்ட பிளாஸ்டிக் கூட்டை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பித்தளைக் குழாய்க்கு அது நல்ல வேலை. பேனாவின் விளிம்பில் மயிரிழை விரிசல் விழுவதற்கும் அதுவே நல்ல வழி.

இப்போது வெப்பப் பத்திக்கு வருகிறேன். என் கணக்கில் இதுதான் பேரேட்டின் கடைசி வரி. மற்றதெல்லாம் அதற்கான முன்னுரை. இன்று நாம் பூசும் மரையை ஒருநாள் யாராவது திறந்தே ஆக வேண்டும். சூடாக்கித்தான் திறப்பார்கள். அப்போது பூச்சு முதலில் இளக வேண்டும், பேனா பிறகு. இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் நமக்கு இருக்கும் கைமுதல்.

அரக்கு ஏறத்தாழ 65-லிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குள் இளகும். ரோசின் தனியாக 70 முதல் 80. விளக்கெண்ணெய் சேரச் சேர அது கீழே இறங்கும். தேன்மெழுகு 62 முதல் 64-ல் உருகியே விடும். சூப்பர் க்ளூ சுமார் 80 டிகிரி வரை தன் பிடியை விடாது. மரைப்பூட்டுத் திரவம் 150 டிகிரியில் வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்டது. அதன் வலுவான வகையைப் பிரிக்க 250 டிகிரி வரை சூடாக்கச் சொல்வார்கள். 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வெர்னான் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கிய அந்தத் திரவம், காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் சரக்கு. உலோகமே இல்லாத பிளாஸ்டிக் மரையில் அது சரியாக இறுகாது. இறுகாத ஈரம் அக்ரிலிக்கில் விரிசல் விடவைக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

எதிர்ப்பக்கம் பேனாவின் பொருள். லூசைட் கண்ணாடித்தன்மை இழந்து இளகுவது 105 டிகிரி வாக்கில். செல்லுலாய்டும் எபோனைட்டும் 70-ஐ நெருங்கும்போதே கவலை தரத் தொடங்கும். செல்லுலாய்டு வளையும், சுருங்கும்; இன்னும் விட்டால் தீப்பிடிக்கும், அதுவும் சாதாரணத் தீ அல்ல. எபோனைட் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், நிறம் மாறும்.

கழித்துப் பாருங்கள். 51-ன் லூசைட் கூடு, அரக்கு: 105-லிருந்து 80 போனால் 25, 65 போனால் 40. தாராளம். இதே அரக்கை 1933-ல் வந்த பார்க்கர் வாக்குமேட்டிக் என்ற வேறு பேனாவின் செல்லுலாய்டு உடலில் பூசினால்? 70-லிருந்து 65 போனால் 5 டிகிரி மிச்சம். 80 போனால் கழித்தல் 10. அரக்கு இளகுவதற்குள் பேனா இளகிவிடலாம். 57 டிகிரியில் இளகும்படி கலந்த ரோசின் பூச்சில் அதே பேனாவுக்கு 13 டிகிரி கிடைக்கிறது. செல்லுலாய்டுப் பேனாவுக்கு ரோசின், லூசைட்டுக்கு இரண்டில் எதுவும் என்ற முடிவு இந்தக் கழித்தலிலிருந்து தானாக வருகிறது. ஷேஃபர் என்ற பேனா நிறுவனம் தன் பேனாக்களின் மரைக்கு ரோசின் சார்ந்த பூச்சையே பயன்படுத்தியதன் பொருளும் இப்போது விளங்கும்: உடலுக்குள் நேராக மை நிற்கும் செல்லுலாய்டுப் பேனாக்களை அவர்கள் 1930-களில் நிறையவே விற்றார்கள்.

செல்லுலாய்டுக்கு அரக்கு வேண்டாம் என்பதற்கு வெப்பம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அரக்கு வரும்போது ஆல்கஹாலும் கூட வருகிறது. ஆல்கஹால் செல்லுலாய்டை இளக வைக்கும். மரையின் இண்டு இடுக்கில் மாட்டிய ஆல்கஹால் சட்டென்று வெளியேறாது. ஒரு முழு நாள் காயவிட வேண்டியிருக்கும். ரோசின் பூசிய மரை ஆறிய சில நிமிடத்தில் மைக்குத் தயார். வேலைக்காரனுக்கு அதுவும் காசுதான்.

சூடாக்குவதன் இன்னொரு பலன் விரிவு. அக்ரிலிக் ஒரு டிகிரிக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் 70 பங்கு விரியும். 9 மி.மீ. விட்டமுள்ள கூட்டை 30-லிருந்து 70 டிகிரிக்குக் கொண்டுபோனால் 0.025 மி.மீ. அகலும். நாம் வைத்த இடைவெளியில் சரிபாதி! உள்மரை சூடாவதற்குள் வெளிக்கூடு மட்டும் சூடானால் பிடி தளர்கிறது. இரண்டும் சேர்ந்து சூடானால் இந்த லாபம் போய்விடும். அதனால்தான் அடுப்புக்குப் பக்கத்தில் மெதுவாக வைப்பதைவிட, ஹேர் டிரையரால் கூட்டைச் சுற்றிச் சுற்றி வேகமாகச் சூடாக்கித் திருகிப் பார்ப்பது பலன் தரும். வரவில்லையென்றால் ஆறவிட்டு மறுபடி. பலத்தைக் கூட்டக் கூடாது. வெப்பமானி இல்லாதவருக்கு விரலே வெப்பமானி: 45 டிகிரிக்கு மேல் வலிக்கத் தொடங்கும், 60 டிகிரி நீர் ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கும். செல்லுலாய்டுப் பேனாவைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் நீங்கள் எல்லையில் நிற்கிறீர்கள். ஆயிரம் ரூபாய்ப் பக்கத்தில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினால் விரல் மிச்சம்.

வெப்பப் பத்தியின் கீழ் எல்லையை வெளிநாட்டுக் குறிப்புகள் மறந்துவிடும். பார்க்கரின் ஊரான ஜேன்ஸ்வில் விஸ்கான்சினில் இருக்கிறது, குளிர் ஊர். அங்கே 20 டிகிரி அறையில் கெட்டியாக நிற்கும் கலவை, வேலூரிலோ திருத்தணியிலோ கோடையில் 40-ஐத் தாண்டும் மதியத்தில் அசையத் தொடங்கும். வெயிலில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் 60 டிகிரியை எட்டலாம். டேஷ்போர்டில் விட்ட பேனாவின் மரையில் தேன்மெழுகு இருந்தால் அது இளகிக் குழைந்திருக்கும். எண்ணெய் அதிகம் சேர்த்த ரோசின் வளையத்தைச் சுற்றிப் பிசின் கோடாகக் கசியும். ஆகவே நமக்கு வேண்டிய கலவையின் இளகுநிலை 55-க்குக் கீழே போகக் கூடாது, 62-க்கு மேலே ஏறவும் கூடாது. ஏழு டிகிரிச் சந்து. காரில் பேனா வைக்கும் பழக்கத்துக்கு எந்தப் பூச்சும் பொறுப்பில்லை.

அந்தச் சந்துக்குள் கலவையைக் கொண்டுவருவதுதான் வேலை. 30 கிராம் ரோசினுக்கு 4 மி.லி. விளக்கெண்ணெய் என்று தொடங்கலாம். எடையில் எட்டுக்கு ஒன்று. இது முடிவான எண் கிடையாது, ஏனென்றால் ரோசினுக்கு ரோசின் இளகுநிலை மாறும். சிறு எஃகுக் கிண்ணத்தை எண்ணெய் நிரப்பிய பெரிய கிண்ணத்துக்குள் வைத்து, மின்சார அடுப்பில் குறைந்த சூட்டில் ரோசினை இளக்கி, விளக்கெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கிளற வேண்டும். திறந்த தீ கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள். ரோசின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது சால்டரிங் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு ஆறவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் சில்லுச் சில்லாகத் தெறித்தால் எண்ணெய் போதவில்லை. நகத்தின் தடம் விழுந்து, விரலில் ஒட்டாமல் விட்டால் சரி. விரலோடு இழுத்துக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் ரோசின். சோதனையைக் கோடை மதியத்தில் செய்யுங்கள், மார்கழிக் காலையில் செய்தால் தவறான கலவை கையில் வரும். இளகுநிலையை அளக்க, அந்தக் கண்ணாடித் துண்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் வெப்பமானியோடு வைத்து மெதுவாகச் சூடாக்கி, எந்த எண்ணில் சொட்டு தன் விளிம்பை இழந்து படிகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

ரோசின் எங்கே கிடைக்கும்? கர்நாடக இசை வயலின்காரர்கள் வில்லுக்குப் பூசும் கட்டி இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். மேலே 172 ரூபாய்க் கணக்கில் 150 ரூபாய் அதற்குத்தான். மொத்தச் சரக்கு ரோசின் கிலோ 300 ரூபாய் என்றால் 30 கிராம் வெறும் 9 ரூபாய். ஹிமாசலப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் பைன் மரத்தைக் கீறி வடிக்கும் பிசினிலிருந்து டர்பன்டைனைப் பிரித்த மிச்சம்தான் அது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் தரும் சால்டர் பேஸ்ட்டை வாங்காதீர்கள். அதில் உலோகத்தை அரிக்கும் சரக்குகள் கலந்திருக்கலாம். நாட்டு மருந்துக்கடையில் குங்கிலியம் என்று தருவதும் வேறு மரத்துப் பிசின். விளக்கெண்ணெய்க்கு அலைய வேண்டாம். உலகிலேயே அதிக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் முதலிடம் குஜராத்துக்கு.

அரக்கும் நம் ஊர்ச் சரக்குதான். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் பலாசு, இலந்தை, குசும மரங்களில் பூச்சி கட்டும் கூட்டிலிருந்து வருவது. ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-ல் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிறுவனமே தொடங்கினார்கள். மர பாலிஷ் சாமான் விற்கும் கடையில் மெழுகு நீக்கிய செதிலாகக் கேளுங்கள். பொற்கொல்லர் நகையைப் பதித்துப் பிடிக்க வைத்திருக்கும் அரக்கில் செங்கல் பொடி போன்றவை சேர்ந்திருக்கும். அது பேனாவுக்கு ஆகாது. இப்படி மூன்று மூலப்பொருளும் உள்நாட்டில் இருக்க, சில மி.லி. புட்டியைக் கடல் கடந்து வரவழைத்தால் சரக்கைவிடத் தபால் கூலிதான் அதிகமாகும். அவசரக்காரருக்கு அது பரவாயில்லை.

வேதியியல் பத்தியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அரக்கும் ரோசினும் இயல்பில் அமிலத்தன்மை உள்ளவை, காரத்தில் கரையக் கூடியவை. 51-க்கென்று பார்க்கர் முதலில் விற்ற வேகமாகக் காயும் மை கடும் காரம். பழைய மரைகள் சில தாமாகவே இளகிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்று நாம் செய்யும் தவறு வேறு விதம்: பத்துக்கு ஒரு பங்கு வீட்டு அமோனியா கலந்த நீரில் பேனாவை இரவு முழுக்க ஊறப்போடுவது. பிரிப்பதற்கு முன் ஊறட்டும், நல்லதுதான். பூசி மாட்டிய பிறகு சாதாரணத் தண்ணீர் போதும்.

சிலிக்கோன் கிரீஸைப் பற்றி எதுவும் சொல்லாமல் நகர்ந்தால் அதன் கட்சிக்காரர்கள் விடமாட்டார்கள். அதற்கு உரிய இடம் வேறு பத்தியில்: எத்தனை முறை திறக்கிறோம்? திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கடைந்து செய்யும் எபோனைட் பேனாக்கள் பலவற்றில் மையை நேராக உடலுக்குள் சொட்டி நிரப்புவார்கள். வாரம் ஒருமுறை நிரப்பினால் கழுத்து மரை வருடத்தில் 52 தடவை திறக்கும். அங்கே ரோசின் பூசி ஒவ்வொரு தடவையும் ஹேர் டிரையரைத் தேடுவது பைத்தியக்காரத்தனம். கிரீஸ்தான் சரி, பள்ளிக்கூட நாளில் மெழுகுவத்தியையும் சோப்பையும் மரையில் தேய்த்தது அந்த வேலைக்குத்தான். 51-ன் கூடு பத்து இருபது வருடத்துக்கு ஒருமுறை திறப்பது. அங்கே கிரீஸ் போட்டால், கசிவு நிற்கும், ஆனால் எழுதும்போதே கூடு மெல்லத் திரும்பி நிப்பின் நேர்கோட்டை விட்டு விலகும். பின்னால் அரக்கோ ரோசினோ பூசலாம் என்றால், சிலிக்கோன் படிந்த பரப்பில் அவை பிடிக்காது, கழுவுவதும் லேசில்லை. வாசலின் இன்னும் மோசம், ரப்பர் பையைக் கெடுக்கும்.

கடைசியில் நஷ்டப் பத்தி. 51-க்கு மாற்றுக் கூடு ஒன்று 2,500 ரூபாய் என்று வையுங்கள். அரக்குக் கரைசலுக்கும் ரோசினுக்கும் பேனாவுக்கு 1 ரூபாய் 12 பைசா வித்தியாசம். ஒரு கூட்டை உடைத்தால், அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடித்து ஈடுகட்ட 2,232 பேனா வேண்டும். வருடத்துக்கு 40 வீதம் 56 வருடம். லூசைட்டில் கைக்குப் பழகிய அரக்கை, விலையைப் பார்த்து விட்டுவிட வேண்டிய அவசியமே இல்லை என்பதும் இதே எண்ணில் இருக்கிறது. செல்லுலாய்டில் விட வேண்டும், அதற்குக் காரணம் அந்தக் கழித்தல் 10.

வேலை நேரத்தை மணிக்கு 300 ரூபாய் என்று போட்டால், அரக்கு மரையைத் திறந்து, பழைய பூச்சை மூங்கில் குச்சியால் சுரண்டி, கழுவ அரை மணி: 150 ரூபாய். சூப்பர் க்ளூ போட்ட 51 வந்தால் நான் வாங்கும்போதே 900 ரூபாய், மூன்று மணி, உத்தரவாதம் இல்லை என்று எழுதிக் கொடுப்பேன். அந்தப் பசையைக் கரைக்கும் அசிட்டோன் லூசைட்டையும் கரைத்துவிடும், அதனால் கரைப்பான் வழி அடைபட்டது. 80 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பார்க்கலாம். அப்போது 105-க்கு முன் மிச்சம் 25 டிகிரிதான், உள்ளேயிருக்கும் மற்ற பாகங்கள் என்ன சொல்லும் என்பது வேறு. ஏரோமெட்ரிக்காக இருந்தால் இன்னொரு யோசனையும் சொல்வேன்: கூட்டைத் திறக்காமலே, பையை அழுத்தி அழுத்தித் தண்ணீரை உள்ளிழுத்து வெளியே விட்டு, நிறம் போகும்வரை கழுவுங்கள். பெரும்பாலான பேனா எழுதிவிடும். அதற்குக் கூலி 100 ரூபாய். வாக்குமேட்டிக்காக இருந்து உலோக வளையத்தில் கசிவும் இருந்தால், 900 ரூபாய்த் தாளில் கையெழுத்து வாங்காமல் டிரையரைத் தொடமாட்டேன்.